ஒரு புள்ளி இரண்டானது ஏன்?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

ஒரு வெள்ளைத் தாளில் மையினால் ஒரு புள்ளி வையுங்கள். அதன் மேல் ஆய்வுக்கூடத்திலுள்ள கண்ணாடிப் பாளத்தை வைத்து மேலிருந்து நோக்குங்கள். எத்தனை புள்ளிகள் தெரியும்? “ஒன்றுதான், இதில் ஐயமென்ன?” என்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணமே என் பதிவேட்டில் ஒரு பொய்யை எழுத வைத்தது. அந்தக் கதையையும், அதன் வழியே நான் கற்ற அறிவியலையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அறிவியல் கண்காட்சிக்காக எங்களில் சிலரை இயற்பியல் சிஸ்டர் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்தார்கள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கி, பஞ்சில் பொதிந்திருந்த ஒரு கல்லை என் கையில் வைத்தார்கள். சாய்ந்து போன செங்கல் வடிவம்; நீர்போன்ற தெளிவு. “இதைப் புள்ளியின் மேல் வைத்துப் பார்த்து, தெரிவதை வரைந்து வா” என்றார்கள்.

பார்த்தேன். இரண்டு புள்ளிகள்! கல்லைத் தாளின் மேல் மெல்லச் சுழற்றினேன். ஒரு புள்ளி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மற்றொன்று அதைச் சுற்றி வட்டமிட்டது. எனக்கு அச்சமாகிவிட்டது. ஒளிவிலகல் பாடத்தில் ஒரு படுகதிருக்கு ஒரு விலகுகதிர்தானே படித்திருக்கிறோம்? கல்லுக்குள் கீறல் இருக்கும் என்று முடிவு செய்தேன். வரைந்த இரண்டாம் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு, புத்தகத்தில் உள்ளது போல ஒன்றை மட்டும் வைத்துப் பதிவேட்டை நீட்டினேன்.

சிஸ்டர் கல்லின் வழியே தாமும் ஒருமுறை பார்த்தார்கள். பிறகு பதிவேட்டைப் பார்த்தார்கள். “ஏம்மா, மற்றொன்று எங்கே போயிற்று?” என்றார்கள்.

“அது பிழை சிஸ்டர். கல்லில் ஏதோ கீறல் போலிருக்கிறது.”

“கீறலைக் கண்ணால் கண்டாயா?”

“இல்லை சிஸ்டர்.”

“காணாத கீறலை எழுதியிருக்கிறாய், கண்ட புள்ளியை அழித்திருக்கிறாய்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல் நூலகத்தில் அந்த இரண்டாம் புள்ளியைத் தேடத் தொடங்கினேன்.

ஐஸ்லாந்து தந்த அதிசயக் கல்

அக்கல்லின் பெயர் கால்சைட். அதன் தெளிந்த வகைக்கு ‘ஐஸ்லாந்துப் படிகம்’ என்றும் பெயர் உண்டு. வேதியியல் முறையில் அது கால்சியம் கார்பனேட்டே. சலவைக்கல்லும், சுண்ணாம்புக்கல்லும், கோழி முட்டையின் ஓடும் பெரும்பாலும் இதே பொருளால் ஆனவைதாம். ஆனால் ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் இது கண்ணாடியைப் போன்ற பெரும் படிகங்களாகக் கிடைத்தது.

1669ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரப் பேராசிரியர் எராஸ்மஸ் பார்த்தோலின் என்பவர் இக்கல்லைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவரும் என்னைப் போலவே ஒன்றை இரண்டாகக் கண்டார். ஆனால் என்னைப் போல் அழிக்கவில்லை. அளந்தார். உள்ளே புகுந்த ஒளி இரு கதிர்களாகப் பிரிவதையும், ஒரு கதிர் ஒளிவிலகல் விதிக்கு அடங்கி நடப்பதையும், மற்றது அடங்காததையும் எழுதி வைத்தார். அடங்கியதைச் சாதாரணக் கதிர் என்றும், அடங்காததை அசாதாரணக் கதிர் என்றும் இன்று வழங்குகிறோம். இந்நிகழ்ச்சிக்கே ‘இரட்டை ஒளிவிலகல்’ என்று பெயர்.

கண்ணாடியின் மேற்பரப்பில் ஒளி செங்குத்தாக விழுந்தால் அது வளையாமல் நேரே செல்லும் என்பது நாம் அறிந்ததே. சாதாரணக் கதிர் அவ்வாறே நேரே செல்கிறது. அசாதாரணக் கதிரோ, செங்குத்தாக விழுந்தாலும் ஏறத்தாழ 6 பாகை சாய்ந்து ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள கல்லில் இரு புள்ளிகளுக்கும் இடையே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தோன்றும். நான் சுழற்றியபோது அசையாமல் நின்ற புள்ளி சாதாரணக் கதிர் தந்தது. வட்டமிட்டது அசாதாரணக் கதிர் தந்தது.

திசைக்கொரு தன்மை

இதற்குக் காரணம் என்ன? தையல் வகுப்பில் நாம் கையாளும் துணியை நினைத்துப் பாருங்கள். நூல் ஓடும் திசையில் இழுத்தால் துணி எளிதில் நீளாது. அதையே மூலைவாட்டில் இழுத்தால் நன்றாக நெகிழ்ந்து கொடுக்கும். துணி ஒன்றே, ஆனால் திசை மாறினால் அதன் தன்மை மாறுகிறது. பனையோலையும் நரம்போடு கிழித்தால் எளிதாகக் கிழியும். குறுக்கே கிழித்தால் அடம் பிடிக்கும். காரணம், இவற்றின் உள்ளமைப்பு எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் இல்லை.

படிகங்களிலும் இவ்வாறு இரு வகை உண்டு. சமையலறை உப்பின் படிகம் கனசதுர அமைப்புடையது. அதற்குள் ஒளி எத்திசையில் சென்றாலும் ஒரே வேகத்தில் செல்லும். வைரமும் இவ்வகையே. இவற்றைச் சமதிசைப் படிகங்கள் எனலாம். கண்ணாடி படிகமன்று, எனினும் அதிலும் ஒளிக்கு எல்லாத் திசையும் ஒன்றே. கால்சைட், குவார்ட்ஸ், பனிக்கட்டி, நாம் விரும்பித் தின்னும் கற்கண்டு ஆகியவை வேறு வகை. அவற்றுள் அணுக்களின் அடுக்கு திசைக்குத் திசை வேறுபடுகிறது. எனவே ஒளியின் வேகமும் வேறுபடுகிறது. இவை சமதிசையற்ற படிகங்கள்.

கயிறு சொல்லும் பாடம்

இங்கே ஒளியைப் பற்றி ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நாம் தாண்டி விளையாடும் கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை மேலும் கீழுமாக உதறினால் ஓர் அலை ஓடும். இடமும் வலமுமாக உதறினாலும் அலை ஓடும். அலை முன்னே போகிறது. கயிறோ அதற்குக் குறுக்கே அசைகிறது. ஒளியும் இத்தகைய குறுக்கலையே. சூரிய ஒளியிலும் விளக்கொளியிலும் இந்த அதிர்வுகள், ஒளி செல்லும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கங்களிலும் கலந்து இருக்கின்றன. அதிர்வை ஒரே தளத்தில் மட்டும் நிகழச் செய்வதற்குத் தளவிளைவு என்று பெயர்.

இப்போது கால்சைட்டுக்குள் நுழைவோம். அதில் ஒரு கார்பன் அணுவும் மூன்று ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்து தட்டையான ஒரு முக்கோணமாக அமைந்துள்ளன. இத்தகைய முக்கோணங்கள் யாவும், அடுக்கி வைத்த தட்டுகளைப் போல, ஒன்றுக்கொன்று இணையான தளங்களில் படுத்திருக்கின்றன. இத்தட்டுகளுக்குச் செங்குத்தான திசையே ‘ஒளியியல் அச்சு’. அது கல்லில் வரைந்த ஒரு கோடு அன்று. கல் முழுவதற்கும் உரிய ஒரு திசை.

ஒளியின் அதிர்வு முக்கோணங்களின் தளத்திலேயே அமையுமானால், அவ்வணுக்களின் எலக்ட்ரான்கள் அதற்கு மிகுதியாக இசைந்து அசைகின்றன. அதனால் ஒளி வேகம் குறைகிறது. அதிர்வு அத்தளத்திற்குச் செங்குத்தாக, அதாவது அச்சின் திசையில் அமையுமானால், அவை குறைவாகவே இசைகின்றன. ஒளி விரைந்து செல்கிறது. லாரன்ஸ் பிராக் என்னும் அறிஞர் 1924இல் இந்த அணு அமைப்பைக் கொண்டே கால்சைட்டின் ஒளிவிலகல் எண்களைக் கணக்கிட்டுக் காட்டினார்.

முதல் வகை அதிர்வுக்கு ஒளிவிலகல் எண் 1.658. இரண்டாம் வகைக்கு 1.486. வேகத்தில் சொன்னால், முதலாவது நொடிக்குச் சுமார் 1,81,000 கிலோமீட்டர். இரண்டாவது சுமார் 2,02,000 கிலோமீட்டர். ஒரே கல்லுக்குள் ஒரே ஒளிக்கு நொடிக்கு 21,000 கிலோமீட்டர் வேறுபாடு! எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது.

கல்லுக்குள் புகும் ஒளி தன் அதிர்வை இரு கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கூற்றின் அதிர்வு, கதிர் எத்திசையில் சென்றாலும் முக்கோணத் தளத்தை விட்டு விலகுவதில்லை. எனவே அதன் வேகம் மாறுவதில்லை. பழைய விதியும் பொய்ப்பதில்லை. இதுவே சாதாரணக் கதிர். மற்றக் கூற்றின் அதிர்வோ, கதிர் செல்லும் திசையைப் பொறுத்து அத்தளத்திற்குச் சாய்வாக அமைகிறது. சாய்வு மாறினால் வேகமும் மாறுகிறது. இதுவே அசாதாரணக் கதிர். ஒளி சரியாக அச்சின் வழியே சென்றால் அதன் எல்லா அதிர்வுகளும் முக்கோணத் தளத்திலேயே அடங்கிவிடும். அப்போது கால்சைட்டிலும் புள்ளி ஒன்றாகவே தெரியும்!

பந்தும் பூசணிக்காயும்

வேகம் மாறுவது புரிந்தது. ஆனால் நேரே விழுந்த கதிர் சாய்ந்து ஓடுவது ஏன்? இதற்கு விடை கண்டவர் ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். பார்த்தோலினின் மாணவரும் பின்னாளில் மருமகனுமான ஓலே ரோமர், ஒளி பரவுவதற்கு நேரம் பிடிக்கிறது என்பதை 1676இல் வியாழன் கோளின் துணைக்கோளைக் கொண்டு காட்டியிருந்தார். ஒளிக்கு ஒரு வேகம் உண்டு என்னும் இவ்வுண்மை, அதை அலையாகக் கருதிய ஹைகன்ஸுக்குப் பெருந்துணையாயிற்று. அவருடைய ‘ஒளியைப் பற்றிய ஆய்வு’ என்னும் நூல் 1690இல் வெளியாயிற்று.

குளத்தில் கல்லெறிந்தால் வட்ட வட்டமாக அலை பரவும். அதுபோலக் கண்ணாடிக்குள் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி பந்து வடிவில் பரவுகிறது. கால்சைட்டிலோ சாதாரண அலை பந்து வடிவில் பரவ, அசாதாரண அலை சில திசைகளில் விரைந்து செல்வதால் தட்டையான பூசணிக்காய் வடிவில் பரவுகிறது என்றார் ஹைகன்ஸ். பூசணிக்காயின் காம்பு நிற்கும் திசையே ஒளியியல் அச்சு என்று கொள்ளுங்கள்.

இப்போது ஒரு வரிசையில் பந்துகளை வைத்து, அவற்றின் மேல் ஒரு நேரான பலகையை வையுங்கள். பலகை ஒவ்வொரு பந்தையும் எங்கே தொடும்? நடுப்புள்ளிக்கு நேர் மேலே, உச்சியில் தொடும். அடுத்து, ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்த பூசணிக்காய்களின் மேல் அப்பலகையை வையுங்கள். அது தொடும் இடம் நடுப்புள்ளிக்கு நேர் மேலே இராது; பக்கவாட்டில் சற்று ஒதுங்கியிருக்கும். அலைகள் சேர்ந்து முன்னேறும் முகப்பே அந்தப் பலகை. நடுப்புள்ளியிலிருந்து தொடும் இடத்துக்குச் செல்லும் பாதையே கதிர். பலகை நேராக முன்னேறினாலும் கதிர் சாய்ந்து போவதன் மருமம் இதுதான். இவ்விளக்கத்தைப் படித்த அன்று, வட்டமிட்ட அந்தப் புள்ளி எனக்கு நண்பனாகிவிட்டது.

தெரியாது என்ற துணிவு

ஆனால் ஹைகன்ஸுக்கும் ஒரு தடை வந்தது. அவர் ஒரு கல்லின் மேல் மற்றொரு கல்லை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே திசையில் இருந்தபோது ஒவ்வொரு கதிரும் மீண்டும் பிரியாமல் சென்றது. மேற்கல்லைச் சிறிது திருப்பியதும் நான்கு உருவங்கள் தோன்றின! முதற்கல்லிலிருந்து வந்த ஒளி, வெளியே நாம் காணும் ஒளியிலிருந்து எவ்வகையிலோ மாறிவிட்டது. அது எவ்வகை என்பது அவருக்கு விளங்கவில்லை. ஒளியைக் குறுக்கலையாக அவர் கருதாததே காரணம். எனினும் அவர் அச்சோதனையை மறைக்கவில்லை. மனநிறைவான விளக்கம் தமக்குக் கிட்டவில்லை என்று தம் நூலிலேயே ஒப்புக்கொண்டு, ஆராய்ச்சியைப் பின்வருவோரிடம் விட்டுச் சென்றார்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தது. 1808இல் ஒரு மாலைப்பொழுது. பாரிஸ் நகரில் எத்தியென் மாலஸ் என்பவர் லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிய அந்திச் சூரியனின் ஒளியைக் கால்சைட் வழியே பார்த்தார். கல்லைத் திருப்பத் திருப்ப ஒரு பிம்பம் மங்கியது. இன்னும் திருப்பியபோது மற்றது மங்கியது. கண்ணாடியில் பட்டு எதிரொளிக்கும் ஒளியும் தளவிளைவு அடைகிறது என்று இதனால் தெரிந்தது. 1821இல் அவர் நாட்டவரான ஃபிரெனல், ஒளி ஒரு குறுக்கலை என்று நிறுவியதும், ஹைகன்ஸ் விட்டுச் சென்ற முடிச்சு அவிழ்ந்தது. முதற்கல்லிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு கதிரும் ஒரே தளத்தில் மட்டும் அதிர்கிறது. இரண்டாம் கல் அதே திசையில் இருந்தால் அதைப் பிரிக்க ஏதுமில்லை. திருப்பினால் அவ்வதிர்வு மீண்டும் இரு கூறாகிறது.

பயன்கள் பற்பல

1828இல் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிக்கல், கால்சைட்டை வெட்டி ஒட்டி, ஒரு கதிரை ஒதுக்கி மற்றதை மட்டும் வெளிவிடும் பட்டகத்தைச் செய்தார். அதை நுண்ணோக்கியில் பொருத்தி, 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்த பாறைத் துண்டுகளில் உள்ள கனிமங்களை இனங்கண்டனர். வைரத்தைப் போல மின்னும் சிர்கான் கல்லை உருப்பெருக்கியால் பார்த்தால் பின்பக்க விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். வைரத்தில் அவ்வாறு தெரியாது. மூட்டு வலியோடு வரும் நோயாளியின் மூட்டு நீரில் யூரிக் அமில உப்பின் படிகங்கள் உள்ளனவா என்பதை மருத்துவர்கள் தளவிளைவுற்ற ஒளியில் பார்த்தே அறிகிறார்கள். கணக்கிடும் கருவியிலும் கணினியிலும் உள்ள திரவப் படிகத் திரைகளும், திசைக்குத் திசை மாறும் தன்மையாலேயே இயங்குகின்றன.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். திரவப் படிகத் திரையுள்ள கணினியில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலராய்டு குளிர்கண்ணாடி வழியே நோக்குங்கள். திரை இருளும் வரை குளிர்கண்ணாடியைத் திருப்புங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு தெளிந்த கற்கண்டைப் பிடித்தால், இருளின் நடுவே அது ஒளிரும். தெளிந்த உப்புப் படிகமோ இருளாகவே இருக்கும். நிறமற்ற பிளாஸ்டிக் அளவுகோலைப் பிடித்தால் அதில் வானவில் நிறங்கள் தோன்றும்! வார்க்கும்போது அதனுள் தங்கிவிட்ட இறுக்கமே அதற்குக் காரணம்.

நம்மவர் பங்கு

இத்துறையில் நம்மவர்க்கும் சிறப்பான பங்கு உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம். பெங்களூரில் இராமன் நிறுவிய ஆய்வு நிலையத்தில், ஒளியை ஓரளவு உறிஞ்சும் சமதிசையற்ற படிகங்களை இவர் ஆராய்ந்தார். தளவிளைவுற்ற ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று சேர்வது பற்றி 1956இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டபோது அவருக்கு வயது 22. அதன் முழு மதிப்பையும் அன்று உலகம் உணரவில்லை. 1969இல், 35ஆம் வயதில் அவர் மறைந்தார். 1984இல் இங்கிலாந்து அறிஞர் மைக்கேல் பெர்ரி வேறொரு வழியில் இத்தகைய உண்மையை அடைந்த பின்னரே, பஞ்சரத்தினம் முன்பே கண்டதன் அருமை பரவலாகத் தெரிந்தது. இன்று அதில் இருவர் பெயரும் இணைந்து வழங்குகின்றன.

தோழியரே! விதிக்கு அடங்காத கதிர் என்று அந்த ஒளியை ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒளி ஒரு குறுக்கலை என்பதை உணர்த்திய பெரும் சான்று நம் கையை விட்டுப் போயிருக்கும். உண்மையில் அக்கதிர் எந்த விதியையும் மீறவில்லை. நாம் அறிந்திருந்த விதிதான் கண்ணாடிக்கும் நீருக்கும் போதுமான சிறிய விதியாக இருந்தது. நம் கண் கண்டதும் நம் புத்தகம் சொல்வதும் ஒத்துப்போகாத வேளையில், முதலில் கைக்கு வருவது ரப்பர்தான். அந்த வேளையில் அதைக் கீழே வைத்துவிட்டு, மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.

மறு வாரம் பதிவேட்டில் புதிய பக்கம் ஒன்றில் இரு புள்ளிகளையும் வரைந்தேன். அவற்றின் இடைவெளியை மூன்று முறை அளந்து எழுதினேன். பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. “இங்கே ஒரு புள்ளி அழிக்கப்பட்டது” என்று அதன் அடியில் குறித்தேன். சிஸ்டர் இரண்டு பக்கங்களையும் நிதானமாகப் படித்தார்கள். பிறகு, இரண்டிலுமே கையெழுத்திட்டார்கள்.